ஜனவரியில கடைசி, ஜூன்ல சாம்பியன்: செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் 2018-19 சீசன், அடிக்கடி கேக்கற கேள்விகள்

அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துல இருக்கற செயின்ட் லூயிஸ் ஊரோட ஐஸ் ஹாக்கி டீம்தான் ப்ளூஸ். 2018-19 சீசன்ல பாதி தூரம் வரும்போது லீக்லயே கடைசி இடம், சீசன் முடியும்போது கையில ஸ்டான்லி கப், அதாவது லீக் சாம்பியனுக்கு குடுக்கற கப். இத எல்லாரும் அதிசயம்னு சொல்லி முடிச்சிடறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, நல்ல டீம் ஒண்ணு மூணு மாசம் மட்டமா ஆடுச்சு, அப்புறம் சரியான கோலி (கோல் கீப்பர்) கிடைச்சான், அவ்ளோதான்னு தோணும். ஹாக்கி பாக்காதவங்களும் படிக்கற மாதிரிதான் எழுதிருக்கேன்.

எனக்கு ஐஸ் ஹாக்கியே தெரியாது, முதல்ல இந்த லீக் எப்படி நடக்குது?

என்எச்எல்னு பேரு, அமெரிக்கா கனடா ரெண்டு நாட்டு டீமும் சேந்து ஆடற லீக். அந்த வருஷம் 31 டீம். அக்டோபர்ல ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும் ஒவ்வொரு டீமுக்கும் 82 மேட்ச். ஜெயிச்சா 2 பாயிண்ட், ஓவர்டைம் இல்ல ஷூட்அவுட் வரைக்கும் இழுத்துட்டுப் போய் தோத்தா 1, அறுபது நிமிஷத்துக்குள்ளயே தோத்தா ஒண்ணும் கிடையாது. அதனாலதான் ரெக்கார்ட மூணு நம்பரா எழுதறாங்க, 45-28-9னா 45 வெற்றி, 28 தோல்வி, ஓவர்டைம்லயோ ஷூட்அவுட்லயோ தோத்தது 9.

82 மேட்ச் முடிஞ்சதும் 16 டீம் பிளேஆஃப் போகும். நாலு ரவுண்டு, ஒவ்வொரு ரவுண்டும் ஒரே டீமோட ஏழு மேட்ச் வரைக்கும், யாரு முதல்ல நாலு ஜெயிக்கறாங்களோ அவங்க அடுத்த ரவுண்டு. ஆக மொத்தம் 16 வெற்றி வேணும் கப் தூக்க. ஐஸ் மேல ஒரு நேரத்துல அஞ்சு பேரு, கூட ஒரு கோலி. முக்கியமான விஷயம், ஆட்டம் ஓடிட்டு இருக்கும்போதே பிளேயர்ஸ் பெஞ்சுக்கு வந்து மாறிக்குவாங்க, முக்கா நிமிஷத்துக்கு மேல யாராலயும் முழு வேகத்துல ஸ்கேட் பண்ண முடியாது. இத ஞாபகம் வச்சுக்கங்க, ஏழாவது மேட்ச் கதையில தேவைப்படும்.

ப்ளூஸ் அதுக்கு முன்னாடி கப் ஜெயிச்சதே இல்லயா?

இல்ல. 1967ல லீக் ஆறு டீம்லேர்ந்து பன்னெண்டா பெருசானப்போ வந்த டீம் இது. புது டீம் ஆறையும் ஒரே டிவிஷன்ல போட்டாங்க, அதனால அதுல ஜெயிக்கறவங்க நேரா ஃபைனல். ப்ளூஸ் 1968, 1969, 1970னு மூணு வருஷமும் வரிசையா ஃபைனல் போனாங்க, ஒவ்வொண்ணுலயும் 4-0ன்னு தோத்தாங்க, மொத்தம் 12 ஃபைனல் மேட்ச்ல ஒண்ணு கூட ஜெயிக்கல. அதுக்கப்புறம் 49 வருஷம் ஃபைனல் பக்கமே போகல.

இதுல கொடுமை என்னன்னா டீம் மோசம்னும் சொல்ல முடியாது. 1979-80லேர்ந்து 2003-04 வரைக்கும் தொடர்ந்து 25 சீசன் பிளேஆஃப் போயிருக்காங்க. பிரெட் ஹல் 1990-91ல 86 கோல் அடிச்சாரு. இந்த ஆட்டத்தோட பெரிய ஜாம்பவான் வெயின் கிரெட்ஸ்கியே 1996ல கொஞ்ச மாசம் இங்க ஆடினாரு. எல்லாம் இருந்தும் கப் மட்டும் இல்ல. முதல் சீசன்லயே ஆடின பாப் பிளேகர் சாகறதுக்குள்ள மார்க்கெட் தெருவுல ஒரு கப் ஊர்வலம் பாத்துடணும்னு வருஷக்கணக்கா சொல்லிட்டே இருந்தாரு.

சீசன் ஆரம்பிக்கும்போதே மட்டமான டீம்னுதான் நெனச்சாங்களா?

இங்கதான் பாதி பேரு கதைய தப்பா புரிஞ்சுக்கறாங்க. 2018 ஜூலை 1ஆம் தேதி ஜிஎம் (டீமுக்கு ஆள் எடுக்கற ஜெனரல் மேனேஜர்) டக் ஆம்ஸ்ட்ராங் பஃபலோ டீம்கிட்டேர்ந்து ரயன் ஓ'ரைலிய டிரேட்ல வாங்கினாரு. ஓ'ரைலி அந்த வசந்தத்துலதான் பஃபலோவுல தோத்து தோத்து ஆட்டத்து மேல இருந்த ஆசையே சில நேரம் போயிடுச்சுன்னு வெளிப்படையா சொல்லிருந்தாரு. கூடவே டைலர் போசாக், டேவிட் பெரான், பேட் மரூன் எல்லாரையும் சைன் பண்ணாங்க. மரூன் செயின்ட் லூயிஸ் பக்கத்துலயே வளந்தவரு, தன் பையன் அங்கதான் இருக்கான்னு ஒரே ஒரு வருஷ கான்ட்ராக்ட்ல வீட்டுக்கு வந்தாரு. ஏற்கனவே விளாடிமிர் டராசென்கோ, கேப்டன் அலெக்ஸ் பியெட்ராஞ்சலோ, கோல்டன் பரேய்கோ, ஜேடன் ஷ்வார்ட்ஸ், பிரேடன் ஷென்னு ஆளுங்க இருந்தாங்க. பேப்பர்ல பாத்தா நல்ல டீம். பிளேஆஃப் கண்டிப்பா போவாங்கன்னுதான் நிறைய பேரு சொன்னாங்க.

அப்புறம் ஏன் அப்படி ஊத்திக்கிச்சு?

முதல் காரணம் கோலி. ஜேக் ஆலன் சரியா நிறுத்தல, கோலி சரியில்லன்னா முன்னாடி ஆடறவன் எல்லாம் பயந்து பயந்து ஆடுவான், ஒரு தப்பு பண்ணா கோல்னு தெரியும்ல. ரெண்டாவது, புதுசா வந்தவங்க பழசா இருந்தவங்க இன்னும் ஒண்ணா சேரல. முதல் 19 மேட்ச்ல 7-9-3. நவம்பர் 19ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ்கிட்ட சொந்த ஊர்ல 2-0ன்னு தோத்தாங்க, அந்த ராத்திரியே கோச் மைக் யோவ தூக்கிட்டாங்க. அசிஸ்டென்டா இருந்த கிரெய்க் பெரூபிய இடைக்கால கோச்சா போட்டாங்க.

டிசம்பர்ல பிராக்டிஸ்லயே சொந்த டீம்காரங்க ரெண்டு பேரு, ராபர்ட் போர்டூசோவும் சாக் சான்ஃபோர்டும், கையுறைய கழட்டிப் போட்டுட்டு அடிச்சுக்கிட்டாங்க. வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சு. ஓ'ரைலி, டராசென்கோ வரைக்கும் யார வேணா வித்துடுவாங்கன்னு பேச்சு அடிபட்டுது.

கோச் மாறினதும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்றாங்களே?

கணக்கப் பாருங்க. பெரூபி வந்தப்புறம் புது வருஷம் வரைக்கும் 18 மேட்ச், 8-9-1. சுமார்தான். ஜனவரி 3 காலையில டேபிள பாத்தா 37 மேட்ச்ல 34 பாயிண்ட், 31 டீம்ல 31ஆவது. அதனால பெரூபி வந்தாரு மந்திரம் போட்டாருன்னு எழுதறவங்கள நம்பாதீங்க.

ஆனா அவரு பண்ணது ஒண்ணு இருக்கு, அது மெதுவாத்தான் வேலை செஞ்சுது. ஆட்டத்த சுலபமாக்கினாரு. பக்க (கட்டையால அடிக்கற ரப்பர் வட்டு) எதிராளி ஏரியாவுக்குள்ள தள்ளு, பின்னாடியே வேகமா போ, அங்க பக் எடுக்க வர்ற டிஃபென்ஸ்மேன சுவரோட சேத்து இடி, திரும்ப திரும்ப இடி, மூணாவது பீரியட்ல (ஒரு மேட்ச்னா இருபது நிமிஷமா மூணு பீரியட்) அவன் பக் எடுக்கவே யோசிப்பான். ஃபோர்செக்னு சொல்வாங்க இத. அழகான ஆட்டம் இல்ல. பெரூபி தானே என்எச்எல்ல ஆயிரம் மேட்சுக்கு மேல ஆடி, அதுல 3,000 நிமிஷத்துக்கு மேல பெனால்டி (ஃபவுல் பண்ணிட்டு வெளிய உக்கார்ற நேரம்) வாங்கின ஆளு, மூஞ்சிக்கு நேரா பேசறவரு. ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடுவாரு, அதனாலயே பிளேயர்ஸ் நம்பினாங்கன்னு நெனக்கறேன்.

ஜோர்டன் பின்னிங்டன் யாரு, எங்கேர்ந்து வந்தான்?

டொரான்டோ பக்கத்துல ரிச்மண்ட் ஹில்காரன். 2011லயே ப்ளூஸ் மூணாவது ரவுண்டுல, 88ஆவது ஆளா எடுத்து வச்சிருந்தாங்க, அப்புறம் மறந்தே போனாங்கன்னு சொல்லலாம். ஏழு வருஷம் கீழ் லீக்லயே ஓடிடுச்சு. 2017-18ல இன்னும் ஒரு படி கீழ இருக்கற ஈசிஎச்எல் லீக்குக்கு போன்னாங்க, போக மாட்டேன்னுட்டான். அதனால வேற டீமோட கீழ் லீக் அணிக்கு கடன் குடுத்தாங்க, அது எந்த டீம்னா பிராவிடன்ஸ், பாஸ்டன் ப்ரூயின்ஸோட கிளை அணி. அதே பாஸ்டனத்தான் ஒரு வருஷம் கழிச்சு ஃபைனல்ல தோக்கடிச்சான், சினிமாவுல வச்சா ஓவரா இருக்குன்னுருப்போம்.

2018-19 ஆரம்பத்துல டீமோட கோலி வரிசையில அவன் நாலாவது. ஜனவரி 7, 2019 பிலடெல்பியாவுல முதல் தடவையா ஸ்டார்ட் பண்ண விட்டாங்க, 25 ஷாட், ஒண்ணும் உள்ள போகல, 3-0 ஷட்அவுட். அடுத்தடுத்து அவனையே இறக்கினாங்க. சீசன் முடியும்போது அவனோட ரெக்கார்டு 24-5-1, மேட்சுக்கு சராசரி 1.89 கோல்தான் விட்டிருந்தான், அஞ்சு ஷட்அவுட்.

வயசு 25, மூஞ்சில ஒரு சலனமும் இருக்காது. ரிப்போர்ட்டர் ஒருத்தர் பதட்டமா இருக்கான்னு கேட்டதுக்கு, என்னப் பாத்தா பதட்டமா இருக்கற மாதிரியா தெரியுதுன்னு திருப்பிக் கேட்டான், ஊர்ல டி-ஷர்ட்லயே அத பிரிண்ட் பண்ணிட்டாங்க.

குளோரியா பாட்டு எப்படி இதுக்குள்ள வந்துச்சு?

பின்னிங்டன் முதல் மேட்சுக்கு முந்தின நாள், ஜனவரி 6, பிலடெல்பியாவுல சில பிளேயர்ஸ் ஒரு சின்ன கிளப்புக்கு டிவியில அமெரிக்கன் ஃபுட்பால் பாக்கப் போனாங்க, ஈகிள்ஸ் ஆடின பிளேஆஃப் மேட்ச். விளம்பர இடைவேளை வரும்போதெல்லாம் டிஜே பாட்டு போடுவாரு, அங்க இருந்த ஒருத்தரு குளோரியா போடு குளோரியா போடுன்னு கத்திட்டே இருந்தாராம். லாரா பிரானிகன் 1982ல பாடின டிஸ்கோ வாடையடிக்கற பாட்டு. போட்டதும் மொத்த கிளப்பும் எழுந்து ஆடுச்சு. பிளேயர்ஸுக்கு அது பிடிச்சுப் போச்சு, இனி ஜெயிச்சா நம்ம ரூம்ல இதான் பாட்டுன்னு முடிவு பண்ணாங்க, அடுத்த நாளே ஜெயிச்சாங்க. அப்புறம் ஸ்டேடியம், ரேடியோ, பார், கல்யாண வீடுன்னு செயின்ட் லூயிஸ் பூரா அதே பாட்டுதான். பாட்டாலதான் ஜெயிச்சாங்களா? இல்லங்க. ஆனா தோல்வியப் பத்தியே பேசிட்டிருந்த ரூம்ல வேற ஒண்ணு பேசக் கிடைச்சுது, அது ஒண்ணும் சின்ன விஷயம் இல்ல.

அப்போ அதிசயம் இல்லன்னு எத வச்சு சொல்றீங்க?

கடைசி இடத்துல இருந்தப்போ மத்த டீமுங்க பல பேரு இவங்கள விட கூட மேட்ச் ஆடி முடிச்சிருந்தாங்க, அதனால டேபிள் பாக்கறதுக்கு நிஜத்த விட மோசமா தெரிஞ்சுது. அடுத்த 45 மேட்ச்ல 30-10-5. ஜனவரி கடைசியில ஆரம்பிச்சு பிப்ரவரி வரைக்கும் வரிசையா 11 வெற்றி, கிளப் வரலாத்துலயே அதான் அதிகம். மொத்தம் 45-28-9, 99 பாயிண்ட், டிவிஷன்ல மூணாவது. ஓ'ரைலி 77 பாயிண்ட் (ஒரு பிளேயருக்குன்னா அடிச்ச கோலும் கோலுக்கு குடுத்த பாஸும் சேத்து) எடுத்தாரு, நல்லா தடுத்தும் ஆடற ஃபார்வர்டுக்கு குடுக்கற செல்கே டிராஃபியும் அவருக்குத்தான். இவ்ளோ பேரு வரிசையா நல்லா ஆடினா ஜெயிக்காம என்ன பண்ணுவாங்க. அதிர்ஷ்டம் இருந்துச்சு, அது பிளேஆஃப்ல.

பிளேஆஃப் எப்படி போச்சு?

முதல் ரவுண்டு வின்னிபெக் ஜெட்ஸ், 4-2. அஞ்சாவது மேட்ச்ல 2-0ன்னு பின்தங்கி, கடைசி 15 செகண்ட் இருக்கும்போது ஷ்வார்ட்ஸ் அடிச்சு 3-2. ஆறாவதுல மூணு கோலும் அவருதான். ரெகுலர் சீசன் பூரா 11 கோல் அடிச்ச மனுஷன் பிளேஆஃப்ல மட்டும் 12 அடிச்சாரு.

ரெண்டாவது ரவுண்டு டல்லாஸ் ஸ்டார்ஸ், ஏழு மேட்ச் வரைக்கும் போச்சு. அந்த ஏழாவது மேட்சத்தான் நான் இன்னும் யூடியூப்ல போட்டுப் பாப்பேன். டல்லாஸ் கோலி பென் பிஷப்பும் செயின்ட் லூயிஸ்ல வளந்தவருதான், ஒத்த ஆளா நின்னு 52 ஷாட்ட தடுத்தாரு. 1-1, ஒரு ஓவர்டைம் முடிஞ்சு ரெண்டாவது ஓவர்டைம். பத்தொம்பது வயசு ராபர்ட் தாமஸ் உள்ள புகுந்து அடிச்சது கம்பத்துல பட்டு, திரும்பி பிஷப் மேல பின்னாடி பட்டு, கோல் கோட்டு பக்கத்துல வந்து விழுது, பிஷப்புக்கு அது எங்க இருக்குன்னே தெரியல. கூட்டத்துல நின்ன மரூன் ஒரு தட்டு தட்டினாரு. அவ்ளோதான். வீட்டுக்குப் பக்கத்துல ஆடணும்னு வந்த ஆளு, பையன் கேலரியில அழுதுட்டே பாத்துட்டிருக்கான், அந்த கோல் இல்லன்னா சீசனே அன்னிக்கோட முடிஞ்சிருக்கலாம்.

கையால தள்ளின கோல்னு ஒரு சண்டை வந்துச்சே, அது என்ன?

மூணாவது ரவுண்டு, சான் ஹோசே ஷார்க்ஸோட மூணாவது மேட்ச், ஓவர்டைம். சான் ஹோசேவோட டீமோ மையர் பக்க கையால தட்டி முன்னாடி அனுப்பினாரு, சொந்த டீம்காரன் எடுத்தா அது செல்லாது, ஆட்டத்த நிறுத்தணும். நாலு ரெஃப்ரீயும் பாக்கல. எரிக் கார்ல்சன் கோல் அடிச்சாரு, 5-4, மேட்ச் போச்சு. அப்போ இருந்த ரூல்படி அத வீடியோவுல பாக்கவும் முடியாது. ஊரே கொதிச்சுது. நான் பாத்ததுலயே அப்பட்டமான தப்புல அதுவும் ஒண்ணு.

பெரூபி முடிஞ்சது முடிஞ்சதுன்னு சொல்லி ரூம அமைதியாக்கினாரு. அடுத்த மூணு மேட்சும் ப்ளூஸுக்கு, 2-1, 5-0, 5-1. அந்த கோடையிலயே லீக் வீடியோ ரிவ்யூ ரூல மாத்துச்சு.

ஃபைனல்ல பாஸ்டன்தான் பலமான டீம்னு சொன்னாங்களே?

பலமான டீம்தான். முதல் மேட்ச் பாஸ்டனுக்கு. ரெண்டாவது மேட்ச் 2-2ன்னு ஓவர்டைம் போச்சு. கார்ல் குன்னார்சன்னு ஒரு டிஃபென்ஸ்மேன், ரெகுலர் டைம் முடியற நேரத்துல கம்பத்துல அடிச்சிருந்தாரு. இடைவேளையில டாய்லெட்ல பெரூபி பக்கத்துல வந்து நின்னப்போ, இன்னும் ஒண்ணே ஒண்ணு கிடைச்சா போதும்னு சொன்னாராம். கிடைச்சுது, அடிச்சாரு. அந்த கிளப் ஃபைனல்ல ஜெயிச்ச முதல் மேட்ச் அதான், 1968லேர்ந்து காத்திருந்தது.

மூணாவது மேட்ச் சொந்த ஊர்ல, 7-2ன்னு செம அடி. பாஸ்டன் பவர்பிளேயில (எதிர் டீம்ல ஒருத்தர் பெனால்டியில வெளிய இருக்கற நேரம்) நாலு ஷாட் அடிச்சு நாலும் கோல். பின்னிங்டன பாதியில வெளிய எடுத்தாங்க. முடிஞ்சுதுன்னு நெனச்சவங்க அதிகம். ஆனா இந்த டீம் தோத்ததுக்கு அடுத்த மேட்ச்லதான் நல்லா ஆடும், அந்த பிளேஆஃப் பூராவும் தோல்விக்கு அடுத்த மேட்ச்ல 8 வெற்றி, 2 தோல்வி. இன்னொண்ணு, வெளியூர்ல 10 வெற்றி 3 தோல்வி, சொந்த ஊர்ல 6 வெற்றி 7 தோல்வி. ஆறாவது மேட்ச் ஜெயிச்சா வீட்டுலயே கப் தூக்கலாம்னு ஊரே ரெடியா இருந்தப்போ 5-1ன்னு தோத்துட்டு பாஸ்டனுக்கு கிளம்பினாங்க.

ஏழாவது மேட்ச்ல அப்படி என்ன நடந்துச்சு?

ஜூன் 12, 2019. முதல் இருபது நிமிஷம் பாத்தா பாஸ்டன் 4-0ன்னு முன்னாடி இருக்கணும். பாஸ்டன் 12 ஷாட், ப்ளூஸ் 4. பின்னிங்டன் எல்லாத்தயும் தடுத்தான். பீரியட் முடிய மூணு நிமிஷத்துக்கு மேல இருக்கும்போது ஜே பௌமீஸ்டர் தூரத்துலேர்ந்து அடிச்சத ஓ'ரைலி கட்டையால லேசா திருப்பி விட்டாரு, 1-0. சரி ஒரு கோல்தானேன்னா, எட்டு செகண்ட் பாக்கி இருக்கு, பாஸ்டன் பிராட் மார்ஷண்ட் பெஞ்சுக்கு மாறப் போயிட்டாரு, அந்த மாறற விஷயத்தத்தான் மேல சொன்னேன். அவரு விட்டுட்டுப் போன இடத்துல பியெட்ராஞ்சலோ தனியா வந்தாரு, பேக்ஹேண்ட்ல மேல தூக்கி அடிச்சாரு, 2-0. நாலு ஷாட், ரெண்டு கோல். பாஸ்டன்காரங்க இன்னிக்கும் மார்ஷண்ட திட்டறது அந்த எட்டு செகண்டுக்குத்தான்.

மூணாவது பீரியட்ல பாஸ்டனோட நோர்ட்ஸ்ட்ராம் கிட்ட நின்னு அடிச்சத பின்னிங்டன் கால நீட்டி தடுத்தான், அது போயிருந்தா 2-1, ஸ்டேடியம் இடிஞ்சிருக்கும். போகல. கொஞ்ச நேரத்துல ஷென், அப்புறம் டிசம்பர்ல பிராக்டிஸ்ல அடிச்சுக்கிட்ட அதே சான்ஃபோர்டு, 4-0. கடைசியில பாஸ்டன் ஒண்ணு போட்டுது, 4-1. பின்னிங்டன் 32 ஷாட் தடுத்தான். ஒரே பிளேஆஃப்ல 16 வெற்றியும் எடுத்த முதல் புதுமுக கோலி.

அப்போ பெஸ்ட் பிளேயர் விருது ஏன் ஓ'ரைலிக்குப் போச்சு?

நியாயமாத்தான் போச்சு. கான் ஸ்மைத் டிராஃபி, 26 மேட்ச்ல 23 பாயிண்ட், அதுவும் விலா எலும்புல விரிசலோட. ஃபைனல்ல கடைசி நாலு மேட்ச்லயும் கோல், 1985ல கிரெட்ஸ்கிக்கு அப்புறம் யாரும் அப்படி பண்ணல.

யாரோ பந்தயம் கட்டி சம்பாரிச்சாராமே?

ஆமா, ஜனவரியில ஒரு ரசிகர் லாஸ் வேகாஸ்ல 250க்கு 1ன்னு இருந்தப்போ 400 டாலர் வச்சாரு, 1 லட்சம் டாலர் வந்துச்சு. இதப் பாத்துட்டு நீங்க கிளம்பிடாதீங்க.

ஊர்வலம் நடந்துச்சா?

ஜூன் 15, மார்க்கெட் தெருவுலதான். லட்சக்கணக்குல கூட்டம். பாப் பிளேகருக்கு அத பாக்கக் குடுத்து வச்சிருந்துச்சு, 2021ல கார் விபத்துல போயிட்டாரு.

அதுக்கப்புறம் அந்த டீம் என்ன ஆச்சு?

அடுத்த வருஷம் கொரோனா, எட்மண்டன்ல பூட்டின ஸ்டேடியத்துல ஆடி முதல் ரவுண்டுலயே வான்கூவர்கிட்ட தோத்தாங்க. பௌமீஸ்டர் 2020 பிப்ரவரியில மேட்ச் நடுவுல பெஞ்சுலயே இதயம் நின்னு சரிஞ்சாரு, உடனே டீஃபிப்ரிலேட்டர் வச்சு காப்பாத்தினாங்க, அப்புறம் ஆடல. பியெட்ராஞ்சலோ வேகாஸ் போயி 2023ல இன்னொரு கப். மரூன் டாம்பா போயி 2020, 2021ன்னு ரெண்டு, ஆக வரிசையா மூணு வருஷம் மூணு கப், அந்த காலத்துல அவ்ளோ ராசியான ஆளு வேற இல்ல. டராசென்கோவையும் ஓ'ரைலியையும் 2023ல டிரேட் பண்ணிட்டாங்க. பின்னிங்டன் ப்ளூஸ்லயே தங்கி, 2025 பிப்ரவரியில கனடாவுக்காக ஃபோர் நேஷன்ஸ்ங்கற நாலு நாட்டு போட்டி ஃபைனல்ல அமெரிக்காவ ஜெயிச்சான், அதுவும் அதே பாஸ்டன் ஸ்டேடியத்துல.

பெரூபிய 2023 டிசம்பர்ல ப்ளூஸ் தூக்கிட்டாங்க. 2024 மே மாசம் டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் அவர எடுத்துக்கிட்டாங்க. 1967க்கு அப்புறம் கப்பே பாக்காத டீம் அது, ஸ்கார்பரோவுல இருக்கற நம்ம தமிழ் ஆளுங்க நிறைய பேருக்கு அதான் சொந்த டீம். முதல் சீசன்லயே 108 பாயிண்ட் எடுத்து டிவிஷன்ல முதலிடம், பிளேஆஃப் ரெண்டாவது ரவுண்டுல ஃபுளோரிடாகிட்ட ஏழாவது மேட்ச்ல சொந்த ஊர்லயே தோத்தாங்க.